பழைய உறுப்புகளின் புதிய வேலைகள்: விசித்திர விலங்குகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

கேட்கப்பட்டது இதுதான்: மிகவும் விசித்திரமான தகவமைப்புகளைக் கொண்ட விலங்குகள் எவை, தேவை ஏற்பட்டதால் அவை அப்படித் தம்மை மாற்றிக்கொண்டனவா, அவற்றின் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு பயன் இருந்தே தீருமா? முதல் பகுதிக்கு எத்தனை நீளமான பட்டியலையும் கொடுத்துவிடலாம். ஆனால் பட்டியல் வியப்பைத் தருமே தவிர விளக்கத்தைத் தராது. ஆகவே சில விலங்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வியப்பூட்டும் அந்த உறுப்போ திறனோ முன்பு என்னவாக இருந்தது, அதற்காக அவ்விலங்கு எதை விட்டுக்கொடுத்தது என்ற இரண்டையும் தேடிப் பார்த்தால், மற்ற இரு பகுதிகளுக்கும் விடை தானாகவே தெளிவாகும்.

தேவையே மாற்றத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். குளிரில் வாழ விரும்பியதால் எந்த மீனின் குருதியும் மாறவில்லை. மரபணுக்களில் திடீர் மாற்றங்கள் நோக்கமின்றி நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை, சில தீங்கானவை, மிகச் சில மட்டும் அந்தச் சூழலில் பிழைக்கவும் பெருகவும் உதவுகின்றன. உதவியவை அடுத்த தலைமுறைகளில் பரவுகின்றன. இதில் முக்கியமான கட்டுப்பாடு ஒன்று உண்டு. புதிதாக எதையும் தொடக்கத்திலிருந்து வரைய இயலாது. ஏற்கெனவே உடலில் இருப்பதைத்தான் வளைக்கவும் நீட்டவும் இரட்டிக்கவும் முடியும். அவ்வாறு வளைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த விலங்கு உயிரோடு இருந்தாக வேண்டும்.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களில் வாழும் நட்சத்திர மூக்கு அகழெலி. உள்ளங்கையில் அடங்கும் இந்த விலங்கின் மூக்கு நுனியில், பக்கத்துக்குப் பதினொன்றாக 22 சதைக் கதிர்கள் நட்சத்திரம் போல் விரிந்திருக்கின்றன. முழு நட்சத்திரத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். அந்தச் சிறிய பரப்பில் 25,000-க்கும் மேற்பட்ட தொடு உணர் நுண்ணுறுப்புகளும், அவற்றுக்குச் செல்லும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகளும் உள்ளன. மனிதனின் ஒரு கை முழுவதிலும் தொடு உணர்வுக்கான நரம்பிழைகள் சுமார் 17,000 மட்டுமே என்பதை ஒப்பிட்டால் இதன் நுட்பம் விளங்கும்.

பார்ப்பதற்கு வாசனை அறியும் உறுப்பாகவோ இரையைப் பற்றும் விரல்களாகவோ தோன்றினாலும், இந்தக் கதிர்கள் முற்றிலும் தொட்டறிவதற்கானவை. இருண்ட வளையில் அகழெலி வினாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை நட்சத்திரத்தை மண்ணில் ஒற்றி ஒற்றி எடுக்கிறது. கதிர்களில் ஒன்று இரை போன்ற எதையேனும் தொட்டவுடன், மூக்கு சட்டென நகர்ந்து, வாய்க்கு மேலே நடுவில் உள்ள பதினோராவது கதிர் இணையை அதன்மீது வைக்கிறது. நாம் கண்ணின் ஓரத்தில் தென்பட்ட பொருளை நேராகத் திரும்பிப் பார்ப்பதற்கு ஒப்பான செயல் இது. மூளையின் வெளி அடுக்கான புறணியிலும் இதே ஏற்பாடு பதிவாகியிருக்கிறது: ஒவ்வொரு கதிருக்கும் ஒரு பட்டை வீதம் பதினொரு பட்டைகள் அங்கே உள்ளன, அளவில் சிறியதான பதினோராவது கதிருக்குரிய பட்டையே அவற்றுள் மிகப் பெரியது. பல ஆண்டுகள் இந்த விலங்கை ஆராய்ந்த கென்னத் கட்டானியா, இரையைத் தொடுவதிலிருந்து விழுங்கும் வரை ஆகும் நேரத்தை அதிவேகக் கேமராவில் அளந்து 2005-இல் வெளியிட்டார். சராசரியாக ஒரு வினாடியின் கால் பங்குக்கும் குறைவு. மிக விரைவான நிகழ்வில் 120 மில்லி வினாடி.

இந்த நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? அதிலுள்ள நுண்ணுறுப்புகள் ஒன்றும் புதியவை அல்ல. தியோடர் ஐமர் 1871-இல் ஐரோப்பிய அகழெலியின் சாதாரண மூக்கில் கண்டு விவரித்த அதே ஐமர் உறுப்புகள்தாம் இவை. அகழெலிக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்களிலும் இவை காணப்படுகின்றன. மாறியது அவற்றின் எண்ணிக்கையும் அவை அமரும் பரப்பும். கருவில் இந்தக் கதிர்கள் மூக்கின் பக்கவாட்டில் பின்னோக்கிப் படிந்த உருளைகளாக உருவாகின்றன. பிறந்த பிறகே தோலிலிருந்து பிரிந்து முன்னோக்கி மடங்குகின்றன. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் வாழும் உறவினமான ஓர் அகழெலியின் மூக்கில், வளர்ந்த நிலையிலும் ஐமர் உறுப்புகள் தாழ்ந்த மேடுகளாக வரிசைப்பட்டிருக்கின்றன. நட்சத்திரத்தின் இடைக்கட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காண்பது அரிது. இதற்கான விலையும் வெளிப்படையானது. இவ்வளவு மெல்லிய தோல் கொண்ட உறுப்பை உலர்ந்த, உராயும் மண் சிதைத்துவிடும். அகழெலிகளிலேயே இந்த இனம் மட்டும் ஈரச் சேற்றில் வாழ்வதும், இதற்கு மட்டுமே நட்சத்திரம் இருப்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கட்டானியா கருதுகிறார். என் மதிப்பீட்டில் அது வலுவான விளக்கம். ஈர நிலத்தில் வாழ்வதால் இது நீருக்கடியிலும் இரை தேடுகிறது. அப்போது மூக்கிலிருந்து காற்றுக் குமிழிகளை ஒரு பொருளின்மீது ஊதி, அதே குமிழிகளைத் திரும்ப உறிஞ்சி, நீருக்குள்ளேயே மோப்பம் பிடிக்கிறது. பாலூட்டி எதுவும் நீருக்கடியில் மோப்பம் பிடிக்க முடியாது என்ற நெடுநாள் கருத்து 2006-இல் இதனால் கைவிடப்பட்டது.

அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளின் மின்விலாங்கில் வளைந்த உறுப்பு தசை. பெயரில் விலாங்கு இருந்தாலும் இது விலாங்கினத்தைச் சேர்ந்ததன்று. கெளுத்தி மீன்களுக்கு நெருக்கமான ஒரு பிரிவைச் சேர்ந்தது. முதுகெலும்புள்ள எந்த விலங்கின் எலும்புத் தசைச் செல்லும் சுருங்குவதற்கு முன்னால், சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் ஒரு சிறிய மின்துடிப்பை உண்டாக்குகிறது. சுருங்கும் இழைகளை இழந்து, அந்த மின்துடிப்பை மட்டும் வைத்துக்கொண்ட தட்டையான செல்களே மின்விலாங்கின் மின் உறுப்பாக அமைந்துள்ளன. ஒரு செல் தருவது ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான செல்கள் தொடராக அடுக்கப்பட்டு, நரம்பின் கட்டளைக்கு ஒரே கணத்தில் இயங்குவதால் மின்னழுத்தங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரே இனம் என்று இரண்டரை நூற்றாண்டுகளாகக் கருதப்பட்ட இந்த மீன் உண்மையில் மூன்று இனங்கள் என்று 2019-இல் நிறுவப்பட்டது. அவற்றுள் ஒன்றில் 860 வோல்ட் வரை அளக்கப்பட்டது.

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழும். முழு வலிமை பெற்ற மின் உறுப்பு வேட்டைக்கு உதவும், சரி. அரைகுறையாக இருந்தபோது அதனால் என்ன பயன்? 1859-இல் டார்வினே மீன்களின் மின் உறுப்புகளைத் தம் கொள்கைக்குக் கடினமான நேர்வாகக் குறிப்பிட்டார். தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரு வோல்ட் அளவுக்கும் குறைவாக மின்சாரம் வெளியிடும் பல மீன் இனங்கள் இருப்பதில் இதற்கு விடை கிடைக்கிறது. கலங்கிய நீரில் தம்மைச் சுற்றி மெல்லிய மின்புலத்தை உண்டாக்கி, அதில் ஏற்படும் சிதைவைக் கொண்டு பொருள்களை அவை அறிகின்றன. தம் இனத்தாருடன் தகவலும் பரிமாறிக்கொள்கின்றன. ஆகவே வலுவற்ற மின் உறுப்பும் ஒரு முழுமையான பயனுள்ள உறுப்பே. மீன்களில் மின் உறுப்பு குறைந்தது ஆறு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அந்த இரு கண்டங்களின் மீன்களிலும் மரபணு அளவில் ஒரே வழி கையாளப்பட்டிருப்பது இன்னும் வியப்பானது: தொன்மையான இரட்டிப்பு ஒன்றினால் மீன்களுக்குத் தசைச் செல்லுக்குள் சோடியம் அயனிகளை விடும் வாயிலை உருவாக்கும் மரபணு இரண்டு படிகளாகக் கிடைத்திருந்தது, ஒரு படி தசையிலேயே தொடர, மற்றொன்று தசைப் பணியிலிருந்து விடுபட்டு மின் உறுப்புக்கு உரியதாயிற்று.

மின்விலாங்கு இந்த ஆற்றலைப் பயன்படுத்தும் விதத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கத்தான் வேண்டும். இரை மறைந்திருப்பதாக ஐயம் ஏற்பட்டால் அது முதலில் இரண்டு அல்லது மூன்று துடிப்புகளை மட்டும் அடுத்தடுத்து விடுகிறது. அவை இரையின் தசைகளைத் தூண்டி அதன் உடலைத் துடிக்கச் செய்கின்றன. அந்தத் துடிப்பால் நீரில் எழும் அசைவை உணர்ந்த பிறகே, வினாடிக்கு 400 என்ற அளவில் துடிப்புகளைப் பொழிந்து இரையைச் செயலிழக்கச் செய்து விழுங்குகிறது. விலாங்கின் மின் உறுப்பு இரையின் நரம்புகளைத் தொலைவிலிருந்தே இயக்குகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. விலை என்னவெனில், உடலின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை மின் உறுப்புகளே எடுத்துக்கொள்வதால், இதயம், கல்லீரல், குடல் முதலிய அனைத்தும் தலைக்குப் பின்னாலுள்ள குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

காட்டுத் தவளை என்று நான் இங்கு குறிப்பிடுவது, அலாஸ்கா உட்பட வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வாழும் ஓர் இனத்தை. இது குளிர்காலத்தைச் சருகுகளுக்கு அடியில், உறைந்த நிலையில் கழிக்கிறது. தோலைப் பனிப் படிகம் தொட்ட சில நிமிடங்களில் கல்லீரல் தன் கிளைகோஜன் சேமிப்பை உடைத்துக் குளுக்கோஸாகக் குருதியில் கொட்டத் தொடங்குகிறது. குருதியின் சர்க்கரை பல பத்து மடங்கு உயர்கிறது. பின்னர் உடல் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிறது. ஆனால் அந்தப் பனி செல்களுக்கு வெளியில், தோலுக்கு அடியிலும் உடற்குழியிலும் உருவாகிறது. செல்களுக்குள் நிறைந்த குளுக்கோஸ், உள்ளிருக்கும் நீர் முழுவதும் வெளியேறிவிடாமலும் உறைந்துவிடாமலும் காக்கிறது. இதயம் நின்றுவிடும், மூச்சு இராது. வெப்பம் திரும்பியதும் முதலில் இதயம் துடிக்கிறது, அடுத்து மூச்சு வருகிறது, அதன் பிறகே கால்கள் அசைகின்றன. அலாஸ்காவில் இயற்கையான சூழலில் கண்காணிக்கப்பட்ட தவளைகள் −18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரைத் தாங்கி, ஏழு மாதங்கள் வரை உறைந்திருந்து மீண்டன என்று 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இலையுதிர் காலத்தில் இரவில் உறைந்து பகலில் இளகும் நிகழ்வு பலமுறை நடப்பதும், ஒவ்வொரு முறையும் குளுக்கோஸின் அளவு கூடுவதும் இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

இந்தத் தவளை புதிய வேதிப்பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். ஆபத்து நேரத்தில் கல்லீரல் கிளைகோஜனைக் குளுக்கோஸாக மாற்றி வெளியிடுவது முதுகெலும்பிகள் அனைத்துக்கும் பொதுவானது. நாம் அஞ்சும்போதும் அதுவே நடக்கிறது. அந்தப் பொதுவான செயலின்மீது இருந்த தடை தளர்ந்ததே இங்கு நிகழ்ந்த மாற்றம். ஆஸ்திரேலியாவின் முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் நஞ்சும் இதே வகையானது. ஆண் பிளாட்டிபஸின் பின்னங்காலில் உள்ள முள் வழியாகச் செலுத்தப்படும் அந்த நஞ்சின் முக்கியப் புரதங்கள் சில, கிருமிகளை எதிர்க்கும் பழைய நோயெதிர்ப்புப் புரதங்களின் மரபணுக்கள் இரட்டித்து மாறியதால் பிறந்தவை.

பரவலாகச் சொல்லப்படும் இரண்டு செய்திகளை இவ்விடத்தில் திருத்துவது அவசியம். நீர்க்கரடி எனப்படும் எட்டுக்கால் நுண்ணுயிரியை எதனாலும் கொல்ல முடியாது என்பது சரியன்று. உலர்ந்து சுருண்டு, உயிர்ச்செயல்கள் ஏறத்தாழ நின்றுவிட்ட நிலையில்தான் அது கடுங்குளிரையும் கதிர்வீச்சையும் விண்வெளியின் வெற்றிடத்தையும் தாங்குகிறது. நீரில் இயங்கிக்கொண்டிருக்கும் நீர்க்கரடி மென்மையான உயிரினம். வலிமைக்குப் பெயர்பெற்ற ஓர் இனத்தை 2020-இல் சோதித்தபோது, 37 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீரில் ஒரு நாளுக்குள் பாதி இறந்துவிட்டன. அதேபோல், கண்ணில் பன்னிரண்டு வகை நிற உணர்விகள் கொண்ட, மாண்டிஸ் இறால் என்ற கடல்வாழ் ஓட்டுயிரி நம்மைவிடப் பல மடங்கு நிறங்களைப் பிரித்தறியும் என்பதும் தவறு. 2014-இல் நடந்த பயிற்சிச் சோதனைகளில், நாம் எளிதில் வேறுபடுத்தும் நெருங்கிய நிறங்களை அதனால் வேறுபடுத்த இயலவில்லை. உணர்விகளின் சமிக்ஞைகளை ஒப்பிட்டுக் கணிக்கும் வேலையை மூளைக்கு விடாமல், எந்த உணர்வி தூண்டப்பட்டது என்பதைக் கொண்டே அது நிறத்தை விரைவாக அடையாளம் காண்கிறது என்று ஆய்வாளர்கள் இதை விளக்குகின்றனர். மூளை சிறியதாக இருக்கும் விலங்குக்கு இது பொருத்தமான வழி.

கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலத்தடி வளைகளில் வாழும் உரோமமற்ற துன்னெலியைப் பற்றி ஒரு தனிப் பதிலே எழுதலாம். இங்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரே அரசி ஈன்ற பெருங்குடும்பமாக, ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு மிகுந்த அறைகளில் நெருங்கி உறங்கும் இந்த விலங்கு, ஆக்சிஜன் முற்றிலும் இல்லாத காற்றில் 18 நிமிடங்கள் வரை தாக்குப்பிடித்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்போது அதன் இதயமும் மூளையும் குளுக்கோஸுக்குப் பதிலாக ஃபிரக்டோஸை எரிபொருளாகக் கொள்கின்றன. நம் உடலிலும் அந்த வழி சிறுகுடல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் இயங்குகிறது. துன்னெலியில் அது மூளைக்கும் இதயத்துக்கும் விரிந்திருக்கிறது, அவ்வளவே.

கேள்வியின் கடைசிப் பகுதியான, எல்லா விசித்திரத்துக்கும் பயன் உண்டா என்பதற்கு விடை தருவது அண்டார்க்டிகாவின் பனிமீன்கள். இவற்றின் குருதி நிறமற்றது. 1927-இல் நார்வே நாட்டு உயிரியலாளர் டிட்லெஃப் ருஸ்டாட் இதைக் கவனித்துப் பதிவு செய்தார். 1954-இல் யோஹான் ரூட், அந்தக் குருதியில், ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபின் அறவே இல்லை என்பதை நிறுவினார். வளர்ந்த நிலையில் ஹீமோகுளோபின் இன்றி வாழும் முதுகெலும்பிகள் இந்த ஒரு குடும்பத்து மீன்கள் மட்டுமே. ஆக்சிஜன், குருதியின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவில் கரைந்த அளவுக்குத்தான் எடுத்துச் செல்லப்படுகிறது. அது சிவப்புக் குருதி கொண்ட உறவினங்களின் திறனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அங்குள்ள கடல்நீர் −1.9 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். சாதாரண மீனின் குருதி அதற்கு முன்பே உறைந்துவிடும். அதைத் தடுப்பது, 1960-களில் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டறிந்த உறைதடுப்புப் புரதம். உடலுக்குள் நுழையும் நுண்ணிய பனிப் படிகங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அவை வளராமல் அது தடுக்கிறது. பனிமீன்களும் அவற்றின் சிவப்புக் குருதி உறவினங்களும் பொதுவாகக் கொண்டுள்ள இந்தப் புரதத்தின் மரபணு, செரிமான நொதியான டிரிப்சினின் முன்வடிவை உருவாக்கும் மரபணுவிலிருந்து தோன்றியது என்பது 1997-இல் தெளிவாயிற்று. உலகின் மறுமுனையில், ஆர்க்டிக் காட் மீனின் குருதியிலும் ஏறத்தாழ இதே அமைப்புடைய புரதம் இருக்கிறது. ஆனால் அதன் மரபணு, முன்பு எந்தப் புரதத்தையும் உருவாக்காதிருந்த டி.என்.ஏ. பகுதியிலிருந்து வந்தது. ஒரே நெருக்கடி இரு இடங்களில் ஒரே விளைவை நோக்கித் தேர்ந்தெடுத்தது. மூலப்பொருள் மட்டும் வேறு. இந்தப் பயனுள்ள புரதத்துக்கும் ஒரு விலை உண்டு. அது படிகங்கள் வளர்வதைத் தடுப்பதோடு அவை உருகுவதையும் தாமதப்படுத்துவதால், கோடையில் நீர் சற்று வெப்பமடைந்த பின்னரும் மீன்களின் உடலுக்குள் பனி தங்கியிருப்பது 2014-இல் கண்டறியப்பட்டது.

உறைதடுப்புப் புரதம் தெளிவான தகவமைப்பு. ஹீமோகுளோபின் இல்லாமையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? குளிரில் குருதி தடித்துவிடும், சிவப்பணுக்கள் இல்லையென்றால் அது எளிதாக ஓடும், ஆகவே இது நன்மையே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கணக்குப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. ஆக்சிஜன் குறைந்ததை ஈடுசெய்யப் பனிமீனின் இதயம் மிகப் பெரிதாக வேண்டியிருக்கிறது. குருதியின் அளவு உறவினங்களுடையதைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்காகவும், குருதிக் குழாய்கள் அகன்றவையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு குருதியை இடைவிடாது செலுத்துவதற்கான ஆற்றல் செலவு, மெல்லிய குருதியால் மிச்சமாவதைவிட அதிகம். புரூஸ் சைடலும் கிறிஸ்டின் ஓ'பிரையனும் 2006-இல் முன்வைத்த வாதத்தையே நான் ஏற்கிறேன்: ஹீமோகுளோபின் மரபணு அழிந்தது ஒரு விபத்து, பெருத்த இதயமும் அகன்ற குழாய்களும் அந்த இழப்பைச் சமாளிக்க எழுந்தவை. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைகிறது. அந்தக் கடலில் போட்டியிடும் பிற மீனினங்களும் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்து, வேறெங்கும் உயிரைப் பறித்திருக்கக்கூடிய ஒரு குறையோடு இக்குடும்பத்தை வாழவிட்டன. வாழவிட்டது மட்டுமன்று, 2022-இல் வெளியான ஆய்வின்படி, அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் அடித்தரையில் ஒரே பனிமீன் இனத்தின் கூடுகள் சுமார் 6 கோடி உள்ளன.

இந்த வாதத்துக்கு வலுச்சேர்ப்பது, தசைகளில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம். பனிமீன் இனங்கள் பதினாறில் ஆறு இனங்களின் இதயத்தில் அதுவும் இல்லை. அந்த இழப்பு ஒரே மூதாதையிடம் நிகழாமல், வெவ்வேறு கிளைகளில் நான்கு முறை தனித்தனியாக, வெவ்வேறு மரபணு மாற்றங்களால் நிகழ்ந்திருக்கிறது. மயோகுளோபின் இல்லாமை உண்மையிலேயே நன்மையாக இருந்திருந்தால், அது இல்லாத இதயங்கள் குறைந்தது சமமாகவாவது இயங்க வேண்டும். ஆய்வகத்தில் இரு வகை இதயங்களையும் தனியே எடுத்து, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய்ச் சோதித்தபோது, மயோகுளோபின் உள்ள இதயங்களே கூடுதல் சுமையைத் தாங்கின.